நூறு விழுக்காடு டில்லிபாபு

பேராசிரியர் முனைவர் கோ. டில்லிபாபு அவர்கள் தம் வாழ்நாளில் ஒரு நாள்கூட உடம்புக்கு முடியாமல் படுத்ததில்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்ததும் இருமியிருக்கிறார். இருமலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் இருமுவது பல் துலக்குவது மாதிரி ஒரு காரியம். வேலைக்குப் போக முடியாமல் விழுந்தால்தான் அங்கே உடம்பு சரியில்லை என்று பேர். எழுந்து, இருமி, கரும்பச்சையாக எதையோ துப்பி, டீயைக் குடித்துவிட்டு ரயிலைப் பிடிக்கிறவன் ஆரோக்கியமானவன். இந்த வரையறை எந்த மருத்துவப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் இருபது வருட அறிவியல் ஆய்வு ஒன்று இதன் மேல்தான் கால் ஊன்றி நின்றது.

அப்பா கோதண்டம் துறைமுகத்தில் நிலக்கரி வாரியவர். வீட்டுக்கு வரும்போது கண்ணும் பல்லும்தான் வெள்ளையாக இருக்கும். நாற்பத்தொன்பது வயதில் கண்ணும் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தார். அக்கா பூவம்மா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எறால் உரிக்கப் போனாள். தம்பி படித்தான். பூவம்மாவைக் கட்டிக்கொடுத்தது எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில். குப்பத்துக்குப் பின்னால் ஓர் ஆலை. ஆலைக்குப் பெயர் உண்டு. வழக்கில் ஜெயித்தவர்களின் பெயரைச் சும்மா சும்மா எடுக்காமல் இருப்பது மரியாதை. அதன் குழாயிலிருந்து வருவது புகை அல்ல, நீராவி என்று வாசல் பலகையே சொல்லும். காயப்போட்ட துணியில் அந்த நீராவி சாம்பல் நிறத்தில் படியும்.

டில்லிபாபு படித்துக்கொண்டே போனார். நிறுத்தச் சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முனைவர் பட்டம் வாங்கி, நகரத்தின் தெற்குக் கோடியில் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நேர்காணலுக்குப் போனார். "இந்த அணு ஒடம்புல எங்க கீதுன்னா சார்" என்று அவர் ஆரம்பித்ததும் தேர்வுக் குழுவினர் ஐவரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலில் தேர்வானவர் அமெரிக்கா போய்விட்டதால் வேலை டில்லிபாபுவுக்குக் கிடைத்தது. திறமைக்குத் தக்க பலன் கிடைக்காமல் போவதில்லை.

அவர் எடுத்துக்கொண்ட துறை இயற்கைக் கொல்லி அணுக்கள். ரத்த வெள்ளையணுக்களில் இது ஒரு சாதி. வேறு சில எதிர்ப்பு அணுக்கள் பகையாளியை ஒரு தடவை பார்த்து, பழகி, பயிற்சி எடுத்துக்கொண்டுதான் அடிக்கப் போகும். இதற்கு அந்தச் சடங்கெல்லாம் கிடையாது. பிறவியிலேயே கொல்லத் தெரியும். உடம்பெங்கும் ரோந்து போகும். எதிர்ப்படும் செல்லிடம் அடையாள அட்டை கேட்கும். காட்டினால் விட்டுவிடும். கிருமி புகுந்த செல்லும் புற்றாகிப்போன செல்லும் பல சமயம் அட்டையைத் தொலைத்துவிட்டு நிற்கும். உடனே கொல்லி அணு அதை ஒட்டி, ஓட்டை போட்டு, நஞ்சை இறக்கிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடும். நிலையத்தின் வாசல் காவலாளி பத்தொன்பது வருடம் டில்லிபாபுவிடம் மட்டும் தினமும் அட்டை கேட்டார். அந்த அணுவின் குணம் டில்லிபாபுவுக்குச் சுலபமாகப் பிடிபட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. இரவும் பகலும் நீராவியைச் சுவாசிக்கிற குப்பத்து ஜனங்களின் கொல்லி அணுக்கள் இன்னும் கொல்கின்றனவா, இல்லை சோர்ந்து உட்கார்ந்துவிட்டனவா? அவை உட்கார்ந்துவிட்டால் புற்று எழுந்துகொள்ளும்.

இதற்காக இரண்டாயிரத்து நாலில் ஆரம்பித்த சடங்கு இது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு டில்லிபாபுவும், தண்டையார்பேட்டையில் இருந்து வரும் ஆய்வக உதவியாளர் ஞானசெல்வியும் பூவம்மா வீட்டில் ஆஜராவார்கள். பூவம்மா தெருவில் நாலைந்து பேரைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து உட்கார வைப்பாள். தன் கையையும் நீட்டுவாள். செல்வி ரத்தம் எடுப்பாள். குழாய்களை ஐஸில் வைக்கக் கூடாது. வைத்தால் இந்த அணு சுரணை கெட்டுப்போகும். சில மணி நேரத்துக்குள் சோதித்தும் ஆக வேண்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் குப்பத்தின் ரத்தம் பேராசிரியரின் டிபன் பையில், எலுமிச்சை சாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மின்சார ரயிலில் பயணம் போகும். ஆய்வகத்தில் அதிலிருந்து கொல்லி அணுக்களைப் பிரித்து, புற்றுநோய் செல்களை இரையாகப் போட்டு, நாலு மணி நேரத்தில் நூற்றுக்கு எத்தனை செத்தது என்று எண்ணுவார்கள்.

வெறுமனே எண்ணினால் போதாது. அதே நாளில் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் அதே மாதிரி சோதித்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அந்த ஆரோக்கியமான ரத்தத்துக்கு ஆய்வகத்தில் கன்ட்ரோல் என்று பேர். ஆரம்பத்தில் ஆய்வகத்து ஆட்கள் முறை வைத்துக் கை நீட்டினார்கள். ஒருவர் மயங்கி விழுந்தார். ஒருவருக்கு வீட்டில் அனுமதி இல்லை. வெளியாட்களைக் கூப்பிட்டால் அவர்களுக்குப் பிஸ்கட்டும் காபியும் தர வேண்டும். பிஸ்கட் செலவு உபகரணக் கணக்கில் வருமா, ரசாயனக் கணக்கில் வருமா என்ற கேள்வியோடு போன கோப்பு இன்றுவரை திரும்பவில்லை. ஆகவே டில்லிபாபு தம் சட்டைக் கையை மடித்தார்.

"உங்களுக்கு ஏதாச்சும் வியாதி இருக்கா சார்?" என்று செல்வி முறைப்படி கேட்டாள்.

"நம்மளுக்கா? எண்ணூர்க் காத்த துன்னு வளந்த ஒடம்பும்மா. கல்லு மாரி கீது. குத்து."

ஒரே ஆளின் ரத்தம் என்றால் அளவுகோல் மாறவே மாறாது என்று அவர் அதற்கு அறிவியல் நியாயமும் கண்டுபிடித்தார். அவருடைய அணுக்கள் கொன்ற கணக்கை நூறு என்று வைத்துக்கொண்டு மற்றவர்களுடையதை அதற்கு எத்தனை விழுக்காடு என்று கம்ப்யூட்டர் போட்டுக் கொடுக்கும். திரையில் அவர் எப்போதும் நூறு. பள்ளிக்கூடத்தில் அறுபதைத் தாண்டாத மனிதருக்கு அந்த எண்ணைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்திருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாயிரத்துப் பதினாலில் கட்டுரை வெளியானது. குப்பத்து மக்களின் இயற்கைக் கொல்லி அணுக்கள் ஆரோக்கியமானவர்களுடையதில் தொண்ணூற்றேழு விழுக்காடு வேலை செய்கின்றன. ஆக, குறை ஏதும் இல்லை. டில்லிபாபுவுக்கு உள்ளூர ஏமாற்றம்தான். ஆனால் விஞ்ஞானி கிடைத்ததைத்தான் எழுத வேண்டும். எழுதினார். பதவி உயர்வு வந்தது. உதவி, இணை ஆகிய முன்னொட்டுகள் உதிர்ந்து வெறும் பேராசிரியர் ஆனார். காவலாளி அட்டை கேட்பதை நிறுத்தினார்.

செவ்வாய்க்கிழமைச் சடங்கு மட்டும் நிற்கவில்லை. பத்து வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஆய்வகத்துக்கு வரவில்லை. பூவம்மாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தார். அவள் இருமலில் கொஞ்ச நாளாகச் சிவப்பு கலந்திருந்தது. சிவப்பை மட்டும் அந்தப் பக்கத்திலும் வியாதியில் சேர்ப்பார்கள். நுரையீரலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருப்பதாக ஸ்கேன் சொன்னது. அதே நேரத்தில் ஆய்வகத்தில், அன்றைக்குக் கன்ட்ரோலுக்குக் கை இல்லாததால், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து நிலையத்து விடுதியில் தங்கியிருந்த ஆராய்ச்சி மாணவி அனிஷா தன் கையை நீட்டியிருந்தாள்.

அன்றைக்குக் குப்பத்தின் விழுக்காடு திடீரென்று நாற்பதுக்குக் கீழே விழுந்தது. மூன்று வாரம் கழித்து அனிஷா பேராசிரியரின் அறைக்குள் செல்வியின் பழைய நோட்டோடு வந்தாள். செல்வி கம்ப்யூட்டரை நம்பாதவள். ஆரம்பம் முதல் எண்ணிய எண்களை எல்லாம் வகுக்காமல் பெருக்காமல் கையால் எழுதி வைத்திருந்தாள்.

"சார், நூறுன்னு போடுறோம்லா, அந்த நூறு குறைஞ்சிக்கிட்டே வருது சார்."

"நூறு எப்டிம்மா கொறையும்? நூறுன்னா நூறு."

"கம்ப்யூட்டர்ல நூறு சார். நோட்டுல பாருங்க. ரெண்டாயிரத்து நாலுல உங்க அணு நூத்துக்கு நாப்பத்தோரு செல்லைக் கொன்னுச்சு. பதினாலுல இருபத்தொன்பது. இப்ப பதினெட்டு."

"வயசாவுதுல்ல."

"டைரக்டர் சாருக்கும் உங்க வயசுதான். போன வாரம் அவர்கிட்ட ஒரு ட்யூப் கேட்டு வாங்கினேன். நாப்பத்தேழு சார். எனக்கு அம்பது. மூணு தடவை செஞ்சு பாத்துட்டேன்."

இயக்குநர் தேவப்பிரியம் கடைசியாக எந்த வருடம் உழைத்தார் என்பது நிலையத்தில் யாருக்கும் நினைவில்லை. அவருடைய அணுக்கள் அந்த ஓய்வை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தன.

டில்லிபாபு நோட்டைப் புரட்டினார். புரிந்துகொள்ள வெகு நேரம் ஆகவில்லை. என்ன இருந்தாலும் பேராசிரியர். வளைந்த ஸ்கேலை வைத்து வளைந்த கோட்டை அளந்து, நேர்க்கோடு என்று எழுதி, அதற்குப் பதவி உயர்வும் வாங்கியிருந்தார். குப்பத்துக்கு மூன்றே ரயில்வே ஸ்டேஷன் தள்ளி, இன்றுவரை திருவொற்றியூரிலேயே படுத்துத் தூங்கிய உடம்பு அது. அதே காற்று, கொஞ்சம் ஆறிப்போய் வந்திருக்கும், அவ்வளவுதான்.

"யார்கிட்டயும் சொன்னியா?"

"இல்ல சார்."

"ரெண்டு வாரம் போவட்டும்."

இரண்டு வாரத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் கட்டுரைக்காகவே டிசம்பரில் பெங்களூரில் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது தருவதாக இருந்தார்கள். வண்ணாரப்பேட்டையில் அளவெடுத்துக் கோட்டு தைத்தாகிவிட்டது. சாயம் போகாத சாம்பல் நிறம். சாம்பல் பட்டாலும் தெரியாது.

இரண்டாவது வாரம் பூவம்மா அவர் வீட்டுக்கு வந்தாள். மாற்று இடமும் வைத்தியமும் கேட்டுக் குப்பம் போட்டிருந்த மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. அதற்காக அமைத்த விசாரணைக் குழுவின் முதல் அமர்வு அன்றைக்குத்தான் நடந்தது. மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தவள், நாற்காலியில் சாய்ந்ததும் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"டில்லி, இன்னிக்கு ஒன் பேர அங்க சத்தமா படிச்சாங்கடா. முனைவர் கோதண்டம் டில்லிபாபுன்னு. நைனா பேரையும் சேத்து. எனுக்கு அப்டியே புல்லரிச்சிப் போச்சி."

"யாரு படிச்சது?"

"கம்பெனி வக்கீலு. நல்லா செவப்பா கீறாரு. நம்ம ஜனத்துக்கு ரத்தமெல்லாம் சோக்கா கீதுன்னு நீ எழுதி வெச்சிக்கிறியாம். அதுக்கு மேல இன்னாத்துக்கு எடம், இன்னாத்துக்கு வைத்தியம்னு கேக்கறாரு. எங்க வக்கீலு வாயத் தொறக்கல." அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ரத்தம் சோக்கா கீற ஒடம்புல கட்டி எப்டிடா வரும்? படிச்சவன்தானே, சொல்லு."

டில்லிபாபு ஜன்னலைச் சாத்தப் போனார். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

"அது தப்புக்கா. ஒங்க ரத்தத்த என் ரத்தத்தோட வெச்சிப் பாத்து எழுதிட்டேன்."

பூவம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறி, முந்தானையில் சிவந்து முடிந்தது.

"ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே பொகைய துன்னோம். நீயும் நானும் ஒன்னுதான்னு கண்டுபுடிக்க இருபது வருசம் ஊசி குத்திகினு இருந்தியா? மூஞ்சப் பாத்தா தெரியாதாடா, பேமானி?"

"மன்னிச்சுக்கோக்கா."

"மன்னிப்பு கெடக்குது. அந்த குழுகிட்ட போயி தப்புன்னு சொல்லிடு. அவ்ளோதானே. கூட வந்தவங்க அல்லாரும் எம்மூஞ்சத்தான் பாக்கறாங்க. ஒந்தம்பி எழுதினதாமேன்னு."

அவர் அன்றைக்கே கடிதம் எழுதினார். நேராகக் குழுவுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் முப்பது வருடம் அரசாங்க மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவருக்கு மேலதிகாரி வழியாக என்ற இரண்டு வார்த்தை சேராமல் ஒரு காகிதம் அனுப்பக் கை வராது. கடிதம் இயக்குநர் வழியாகப் போனது. அதாவது, இயக்குநர்வரை போனது.

தேவப்பிரியம் நல்லவர். கடிதத்தைப் படித்துவிட்டு, தம் நாற்பத்தேழைப் பற்றி இரண்டு முறை விசாரித்து மகிழ்ந்தார். பிறகு முகத்தைச் சீராக்கிக்கொண்டு, மனிதர்களிடம் ரத்தம் எடுக்கும் ஆய்வுகளுக்கான நெறிமுறைக் குழுவைக் கூட்டினார். டில்லிபாபு புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். உறுப்பினர்கள் ஐவர் இருந்தார்கள்.

"இருபது வருடமாக ஒரு நபரிடம் செவ்வாய்க்கிழமை தோறும் ரத்தம் எடுத்திருக்கிறீர்கள். அந்த நபரின் ஒப்புதல் படிவம் எங்கே?"

"அந்த நபர் நான்தான் சார்."

"அது தெரிகிறது. படிவம் எங்கே?"

"எங்கிட்ட நானே எப்டி சார் எழுதி வாங்கறது?"

"ஆக, ஒப்புதல் இல்லாமல் எடுத்திருக்கிறீர்கள். அந்த நபருக்கு உங்கள் மேல் புகார் ஏதும் உண்டா?"

டில்லிபாபு யோசித்தார். "உண்டு சார்" என்றார். அதைக் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டார்கள்.

குழுவின் முடிவு தெளிவாக இருந்தது. கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. காரணம், நெறிமுறை மீறல். கட்டுரை சொன்னது சரியா தவறா என்பது குழுவின் வரம்புக்குள் வராது. விருதுக்காரர்கள் வருத்தம் தெரிவித்து எழுதினார்கள். அனிஷாவுக்கு வேறு வழிகாட்டியும் வேறு தலைப்பும் கொடுத்தார்கள், எலிகளின் மண்ணீரல். எலிகள் எந்த மனுவிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அவளுடைய மூன்று வாரத்துச் சோதனைகள் அனுமதி பெறாத கைகளிலிருந்து எடுத்தவை என்பதால் அவற்றை யாரும் எங்கும் பேசக் கூடாது என்றும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கைகளில் ஒன்று இயக்குநருடையது.

விசாரணைக் குழுவின் கடைசி அமர்வில் டில்லிபாபு தாமாகவே எழுந்து நின்று பேசினார். நாற்பத்தொன்று, இருபத்தொன்பது, பதினெட்டு என்றார். குப்பத்து ஜனம் பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தது. சிவந்த வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஐயா, அன்றைக்கு எழுதியது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?"

"அன்னிக்கு எழுதினது தப்பு."

"உங்கள் நிலையமே நெறி மீறியவர் என்று சொல்லிவிட்டதே. சரி, மனுதாரர் ஒன்று, பூவம்மா. அவர் உங்களுக்கு என்ன உறவு?"

"எங்க அக்கா."

வக்கீல் உட்கார்ந்தார். அதற்கு மேல் கேட்பது அவருக்கே அநாகரிகமாகப் பட்டிருக்க வேண்டும். ஆலைக்குச் சாதகமான கட்டுரை திரும்பப் பெறப்பட்டுவிட்டது. மக்களுக்குச் சாதகமான கட்டுரை எழுதப்படவே இல்லை. ஆகவே பாதிப்புக்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை என்று குழு மனுவை முடித்து வைத்தது.

அடுத்த ஜூன் மாதம் டில்லிபாபு ஓய்வு பெற்றார். கடைசி நாள் மாலை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தவர் மூக்குக்கண்ணாடியை மேஜையில் விட்டது நினைவுக்கு வந்து திரும்பினார். காவலாளி அட்டை கேட்டார்.

ஆகஸ்டில் ஆலைக்கு இரக்கம் பிறந்தது. சான்று இல்லை என்று குழு சொல்லிவிட்டதே, அதை நாமே தேடித் தருவோம் என்று ஒரு மக்கள் நல ஆய்வை அறிவித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் குப்பத்தில் வெள்ளை வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது ஞானசெல்வி. நிலையம் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததால் தனியார் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்திருந்தாள். பூவம்மாவைக் கட்டிலோடு வாசலுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இப்போது யாரையும் இழுத்து வர அவளால் முடியாது. பக்கத்தில் டில்லிபாபு நின்றார்.

"சார், நீங்களும் குடுக்கறீங்களா?"

"எந்தப் பக்கம் கணக்கு? நான் இப்ப கன்ட்ரோல் இல்லியே."

"குப்பத்துப் பக்கம்தான் சார். பதினாலாம் நம்பர்." அவள் கட்டு கட்டாமலே அவருடைய நரம்பைக் கண்டுபிடித்துக் குத்தினாள். இருபது வருடப் பழக்கம்.

"கன்ட்ரோலுக்கு யாரு கை நீட்டறாங்க?"

"கம்பெனி குவார்ட்டர்ஸ் ஆளுங்க சார். அல்லாரும் நல்லா வேலைக்கி வர்றவங்கதான்."

குவார்ட்டர்ஸ் ஆலையின் மதிலுக்கு உள்ளே, குழாய்க்கு நேர் கீழே இருந்தது. டில்லிபாபு அவள் கையிலிருந்த அட்டையை வாங்கிப் படித்தார். கன்ட்ரோல் தேர்வு முறை என்று போட்டு, எதிரே அடைப்புக்குறிக்குள் டில்லிபாபு, 2014 என்று அச்சடித்திருந்தது.

"அந்தக் கட்டுரையத்தான் தூக்கிட்டாங்களேம்மா. இது அதே தப்பு. போய் சொல்லு அவங்ககிட்ட."

"நான் ஊசி மட்டும்தான் சார்" என்றாள் செல்வி, பஞ்சை அழுத்திக்கொண்டே. "கேட்டா என்னையும் தூக்கிடுவாங்க."

பூவம்மா கட்டிலிலிருந்து கையை நீட்டினாள். "குத்தும்மா. இவங்கிட்ட இன்னா பேச்சி. தப்பக்கூட சுருக்க செய்யத் தெரியாதவன்."

அதுதான் தம்பியைப் பற்றி அவள் சொன்ன கடைசி அபிப்பிராயம். மற்றபடி அந்த மாதத்தில் அவள் பேசியதெல்லாம் தண்ணீர் கேட்டுத்தான்.

முடிவுகள் பதிவுத் தபாலில் வீடு வீடாக வந்தன. வழவழப்பான தாள், மேலே பச்சை இலை. பூவம்மாவின் கடிதம் வந்த அன்று அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம். டில்லிபாபுதான் கையெழுத்துப் போட்டு இரண்டு உறைகளையும் வாங்கினார். அவளுடைய கொல்லி அணுக்கள் ஆரோக்கியமானவர்களுடையதில் தொண்ணூற்றாறு விழுக்காடு வேலை செய்வதாகவும், அவள் நலமாக இருப்பதாகவும், தொடர்ந்து நலமாக இருக்க ஆலை வாழ்த்துவதாகவும் எழுதியிருந்தது.

தமது உறையையும் பிரித்தார்.

நூறு.

தபால்காரர், "நல்ல சேதியா சார்?" என்றார். பேராசிரியர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்தது. அன்றைக்கு அது பத்து நிமிடத்தில் நிற்கவில்லை. தபால்காரரும் அந்தப் பக்கத்து ஆள்தான். அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.